கன்னத்தில் ஒரு நீல வீக்கம்

மகள் அழுதால் இடது கன்னம் நீலமாகப் புடைக்கும். குனிந்து செருப்பு மாட்டினாலும் புடைக்கும். விரலால் அழுத்தினால் பஞ்சாக அமுங்கிவிடும். "பிறவி மச்சம்தான், வளர்ந்தால் மறைந்துவிடும்" என்று சொல்லாத உறவினர் இல்லை. தானாக மறைவது ஹீமாஞ்சியோமா என்கிற வேறு கட்டி. இதுவோ கருவிலேயே சிரைகள் கோணலாக உருவானது. குழந்தையோடு சேர்ந்து வளரும், பூப்பெய்தும் வயதில் வேகமெடுக்கக்கூடும். அதனால்தான் 4 வயதிலேயே ஊசிக்குச் சம்மதித்தோம்.

மருந்து ப்ளியோமைசின். "புற்றுநோய் மருந்தா!" என்று அம்மாவுக்கு நெஞ்சை அடைத்துவிட்டது. 1960களில் ஜப்பானில் ஹமாவோ உமேசாவா குழு மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து பிரித்தெடுத்த மருந்து அது. இங்கே கொடுப்பது மிகக் குறைந்த அளவு. மயக்கம் கொடுத்து, ஸ்கேனில் பார்த்தபடியே வீங்கிய சிரைக்குள் செலுத்துகிறார்கள். உட்சுவர் புண்ணாகி, தழும்பேறிச் சுருங்குகிறது. ஒரே ஊசியில் தீராது.

எனக்கு மறக்காதது பிளாஸ்திரிதான். இந்த மருந்து ஏறிய உடம்பில் ஒட்டியதைப் பிய்த்தாலோ சொறிந்தாலோ அந்த இடம் கறுத்துவிடுமாம். செவிலியர் ஈசிஜி ஒட்டுகளை எண்ணெய் தடவித் தடவி, பட்டாம்பூச்சியைப் பிடிப்பவர்போல் கழற்றினார்.

இரண்டாவது ஊசி போட்டு 5 வாரம். நேற்று சாக்லேட்டுக்காக ஓவென்று அழுதாள். சமாதானப்படுத்தாமல் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி வீக்கம்கூட இல்லை.