யு.எஸ்.எஸ். செர்பென்ஸ், 1/350: இரண்டாம் ஹாட்ச் வரை

டிரம்பெட்டர் நிறுவனத்தின் லிபர்ட்டி கப்பல் (இரண்டாம் உலகப் போரில் ஒரே அச்சில் வரிசையாகக் கட்டிய அமெரிக்கச் சரக்குக் கப்பல்) மாடல் கிட்டை, அந்த வகையில் ஒன்றான யு.எஸ்.எஸ். செர்பென்ஸாக மாற்றும் வேலை பாதியைத் தாண்டிவிட்டது. 441 அடி நீளக் கப்பல், 1/350 அளவில் 38 செ.மீ. சொச்சம். உடல் பகுதி ஒட்டி, இடைவெளிக்குப் புட்டி போட்டுத் தேய்த்தாயிற்று. அதில் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை.

நேரம் பிடித்தது வேறொன்று: கப்பலின் வாழ்க்கையில் எந்த நாளைக் காட்டுவது?

செர்பென்ஸ் என்றாலே எல்லோரும் 1945 ஜனவரி 29 இரவைத்தான் பேசுவார்கள். குவாடல்கனலில் லுங்கா கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டு, நீர்மூழ்கிகளை அடிக்கும் டெப்த் சார்ஜ் குண்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது வெடித்துச் சிதறியது. கடலோரக் காவல் படை மாலுமிகள் 196 பேர், சரக்கு ஏற்ற வந்த ராணுவத்தினர் 57 பேர், ஒரு மருத்துவர் இறந்தார்கள். கப்பலில் இருந்தவர்களில் பிழைத்தது இருவர். அமெரிக்கக் கடலோரக் காவல் படைக்கு அதைவிடப் பெரிய உயிரிழப்பு ஒரே சம்பவத்தில் நேர்ந்ததில்லை. எதிரியின் தாக்குதல் அல்ல என்று 1949இல்தான் கடற்படை முடிவாகச் சொன்னது.

அந்த இரவை மாடலாகச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அதற்கு முன் ஒன்றரை வருடத்துக்கு மேல் அந்த ஆட்கள் செய்த வேலையை யார் பார்க்கிறார்கள்?

1943 மார்ச் 10 அன்று கலிபோர்னியாவில் கீல் (கப்பலின் அடிக்கட்டை) வைத்தார்கள். ஏப்ரல் 5 அன்று தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். பெஞ்சமின் என். கார்டோசோ என்று நீதிபதி ஒருவரின் பெயரில் இறங்கிய கப்பலைக் கடற்படை வாங்கி, விண்மீன் கூட்டத்தின் பெயரைச் சூட்டியது. ஜூன் 24 அன்று சான் பிரான்சிஸ்கோவை விட்டதிலிருந்து தென் பசிபிக் தீவுகளுக்கு இடையே ஓயாத நடைதான். சாமோவா, டோங்கா, சாலமன் தீவுகள் என்று சுற்றி, 1944இல் நியூசிலாந்திலிருந்து மூன்று முறை உணவுப் பொருள் ஏற்றி வந்தது.

1944 நவம்பரில் ரஸ்ஸல் தீவுகளிலும் குவாடல்கனலிலும் பழுதான ராணுவ வண்டிகளை ஏற்றிக்கொண்டு, சரிசெய்ய நியூசிலாந்துக்குப் போனது. படித்ததுமே முடிவு செய்துவிட்டேன், இந்த நாள்தான். அந்தச் சரக்கை இறக்கிய பிறகுதான் மூன்று ஹோல்டுகளை (தளத்துக்குக் கீழே உள்ள சரக்கு அறைகள்) வெடிமருந்து வைப்பதற்காக மாற்றினார்கள். அதனால் என் மாடலில் ஐந்து ஹோல்டும் பழையபடி இருக்கும்.

இப்போது இரண்டாம் ஹாட்சை, அதாவது சரக்கு அறைக்கு மேலே தளத்தில் உள்ள வாயிலை, திறந்து வைத்து, ஒரு ஜீப்பைத் தொங்கவிட்டிருக்கிறேன். இந்த அளவில் ஜீப் 9.5 மி.மீ.; விரல் நகத்தில் நிற்கும். சரக்கைத் தூக்கும் கைகளான இரண்டு பூம்களில் ஒன்று ஹாட்சுக்கு மேலே, மற்றது கப்பல் பக்கவாட்டுக்கு வெளியே. இரண்டின் கம்பிகளும் ஒரே கொக்கியில் சேரும். கம்பியைச் சுற்றும் உருளை இயந்திரமான வின்ச்சுகளில் ஒன்று தளர்த்த, மற்றது இழுக்க, பூம் அசையாமலே சரக்கு குறுக்கே போய்விடும். கம்பிக்கு ஸ்ப்ரூவை (கிட்டின் பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) மெழுகுவத்தியில் காட்டி இழுத்த இழை. ஜீப்பின் எடை தெரிய வேண்டுமென்றால் இரண்டு இழையும் விறைப்பாக, கொக்கிக்கு மேல் ஆங்கில 'வி' போல நிற்க வேண்டும். ஊதுபத்தி நுனியைத் தொடாமல் அருகே கொண்டுபோனால் தொய்வு போய் இறுகிவிடுகிறது. அது இறுகுவதைப் பார்ப்பது தனி சுகம்.

வணிகக் கப்பலாக ஓடிய லிபர்ட்டியில் மாலுமிகள் நாற்பது சொச்சம்தான். செர்பென்ஸில் இருநூறு பேர் அளவில் இருந்தார்கள். அத்தனை பேருக்குமாகக் கூடுதல் உயிர்காப்பு மிதவைகளை வெட்டி வைத்திருக்கிறேன். பின்புறத்து 5 அங்குலப் பீரங்கி உலர்கிறது.

அடுத்து நான்காம் ஹாட்ச் பூம்கள், பிறகு தளத்தில் நிற்க இரண்டு லாரி. ஒரு லாரிக்கு முன் சக்கரத்தைக் கழற்றிவிடப் போகிறேன், பழுதான வண்டிதானே.