நாற்றங்கால் வேலையில் சேர்ந்த கதை

காட்டு வேலைக்கும் காலிப்பர் (பலமில்லாத காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்) போட்ட காலுக்கும் ஒத்துவராது என்பது எங்கள் ஊர்க் கணக்கு. அதில் நியாயமும் உண்டு. வனக்காப்பாளர் தேர்வில் ஆண்கள் 4 மணி நேரத்தில் 25 கிலோமீட்டர் நடந்து காட்ட வேண்டும். என் இடது காலை இளம்பிள்ளை வாதம் சிறு வயதிலேயே வாங்கிக்கொண்டது. ஆனால் காட்டில் நடுகிற கன்றை முதலில் எங்கேயோ ஒருவர் உட்கார்ந்து வளர்க்கத்தானே வேண்டும்? ஜவ்வாது மலையடிவாரத்தில் எங்கள் பக்கம் நூறு நாள் வேலையில் ஒரு நாற்றங்கால் போட்டிருந்தார்கள். 2024-ல் அதில் நான் சேர்ந்த விதத்தை எழுதுகிறேன்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், மத்திய அரசு தரும் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அட்டையும் என்னிடம் இருந்தன. எங்கள் குடும்பத்துக்கான நூறு நாள் வேலை அட்டையில் என் பெயர் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்குத் தனியாக நீல நிற வேலை அட்டை உண்டு என்று மாற்றுத்திறனாளிகள் சங்கத்து அண்ணன் ஒருவர் சொன்னார். கேட்கப் போனால், "உனக்குத்தான் மாசம் 1,500 உதவித்தொகை வருதே, வெயில்ல எதுக்குப்பா கஷ்டப்படற?" என்று அன்பாகத் திருப்பி அனுப்பினார்கள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் பேசியிருக்கலாம். அன்பாகச் சொன்னால் என்ன செய்வது?

சங்கத்து அண்ணன்தான் வழி காட்டினார். "வாயால கேக்காத தம்பி, எழுதிக் குடு. தேதி போட்டு ரசீது வாங்கு." வேலை கேட்டு 15 நாளுக்குள் தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும் என்று அப்போது இருந்த 2005-ஆம் ஆண்டு நூறு நாள் வேலைச் சட்டமே சொன்னது. ஆனால் என்றைக்குக் கேட்டோம் என்பதற்கு ரசீதுதான் சாட்சி. அதனால்தான் அதைத் தர அவ்வளவு தயக்கம். மனுவோடு, ஊரக வளர்ச்சித் துறை 2012-ல் போட்ட அரசாணை 52-ன் நகலையும் வைத்தேன். இந்தத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன வேலை தரலாம் என்று தனியாகச் சொல்கிற ஆணை அது. '4 மணி நேர வேலை, முழுக் கூலி' என்று சங்கத்தினர் கேட்பதும் அதை வைத்துத்தான். ஒரு பிரதியை வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். ரசீதும் வந்தது, அப்புறம் வேலையும் வந்தது.

வேலை என்னவோ எனக்குப் பிடித்துப்போயிற்று. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. மண் புட்டு மாவு பதத்தில் இருக்க வேண்டும்; காய்ந்தால் பையில் நிற்காது, ஈரம் கூடினால் கட்டிதட்டும். பையின் அடி மூலை இரண்டையும் உள்ளே அமுக்கிவிட்டால்தான் பாத்தியில் சாயாமல் நிற்கும். புங்கன் விதையை நேராகப் பையிலேயே ஊன்றலாம். தேக்கு அப்படியில்லை, ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, திரும்ப ஊறவைத்து என்று மாற்றி மாற்றிச் செய்தால்தான் அந்தக் கெட்டி ஓடு இளகும். பொடி விதைகளைத் தாய்ப்பாத்தியில் தூவி, முளைத்த பிறகு ஒவ்வொன்றாகப் பைக்கு மாற்ற வேண்டும். இதற்குக் கால் தேவையில்லை, அவசரப்படாத விரல்தான் வேண்டும்.

தரையில் உட்காருவதுதான் சிக்கல். காலிப்பரின் முட்டிப் பூட்டை எடுத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு ஆள் வேண்டும். பணித்தளப் பொறுப்பாளர் அக்கா ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி, மேலே பலகை போட்டுக் கொடுத்தார். மண்ணையும் பக்கத்தில் மேடாகக் குவித்துவிட்டார்கள். செலவென்று ஒன்றும் இல்லை. பைகளைத் தூக்கி இடம் மாற்றி, தரைக்குள் இறங்கிய வேரை வெட்டிவிடும் வேலை என்னால் ஆகாது. அதை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

கூலியில்தான் பேச்சு வந்தது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நாள் கூலி 319 ரூபாய். ஆனால் அது வேலையை அளந்து போடுகிற கூலி. நிரப்பிய பைகளை எண்ணினால் எனக்குக் குறையத்தான் செய்யும். அளக்க வந்தவரிடம் அரசாணை நகலை நீட்டினேன். படித்துப் பார்த்தவர், "சரி, உனக்குத் தனியா எழுதிக்கறேன்" என்றார். வருகைப் பதிவுச் செயலி அப்படி இளகவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு படம். எங்கள் தளத்தில் இரண்டாவது படம் மதியத்துக்கு மேல்தான் எடுப்பார்கள். என் வேலை முடிந்தும் அதற்காகக் காத்துக் கிடப்பேன். 4 மணி நேரம் காகிதத்தில் மட்டும்தான்.

ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். கூலி ஆதார் வழியாகத்தான் கணக்குக்கு வருகிறது. என்னோடு வேலை செய்த ஒருவருக்கு இனிஷியல் மாறியதால் பணம் வெகு நாள் இழுத்தது.

மழைக்காலத்தில் கன்றுகளை வண்டியில் ஏற்றிப் போனதும் நாற்றங்கால் வேலை முடிந்தது. அடுத்தது குளம் வெட்டு. "அதுல நீ என்னப்பா பண்ணுவ?" என்று மறுபடியும் ஆரம்பித்தார்கள். நானும் அதே மனு, அதே நகல், அதே ரசீது என்று ஆரம்பித்தேன். வெட்டுகிறவர்களுக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற வேலையில் போட்டார்கள்.