மாலிக்கு மூணு செகண்ட்

பிப்ரவரி 3, திங்கள்

தபால் வரல.

பிப்ரவரி 4

எங்க நாடகத்துல மாலிங்கிற பொண்ணு வேஷம் எனக்குத்தான்னு முடிவாயிடுச்சு. ‘த ஃப்ரண்ட் பேஜ்’, 1928ல நியூயார்க்ல பிராட்வே மேடைக்கு வந்த நாடகம், எழுதின பென் ஹெக்ட், சார்ல்ஸ் மெக்கார்தர் ரெண்டு பேருமே இதே சிகாகோ தெருவுல ரிப்போர்ட்டரா ஓடினவங்க. 2024 ஜனவரி 1லேர்ந்து இங்க காப்பிரைட் கிடையாது, அதனாலதான் கைக்காசு போட்டு நடத்துற எங்க குரூப்புக்கு கிடைச்சுது. அம்மா போன்ல "என்ன வேசங்கண்ணு"ன்னு கேட்டாங்க. ஏழைப் பொண்ணும்மான்னேன். தெருவுல நின்னு பொழைக்கிறவன்னு சொல்ல வாய் வரல.

பிப்ரவரி 8, சனி

ஹப்பர்ட் தெருவுக்குப் போனேன். பழைய கிரிமினல் கோர்ட் கட்டடம் அப்படியே நிக்குது, 1893ல வந்தது, இப்ப உள்ள ஆபீஸுங்க. மொத்த நாடகமும் அங்க இருந்த பிரஸ் ரூம்லதான், ஒரே ராத்திரி, விடிஞ்சா ஏர்ல் வில்லியம்ஸ்ங்கிற கைதிக்குத் தூக்கு. 1921 டிசம்பர்ல டாமி ஓகானர்னு ஒருத்தன் தூக்குக்கு நாலு நாள் இருக்கும்போது நிஜமாவே இங்கேர்ந்து தப்பிச்சுட்டான், கடைசி வரைக்கும் சிக்கவே இல்ல, அவனுக்காக அந்தத் தூக்குமரத்த 1977 வரைக்கும் பிரிச்சுப் போடாம வெச்சிருந்தாங்க. ஒரு ஆளு வருவான்னு மரம் அத்தன வருஷம் காத்துட்டு இருந்திருக்கு. குளிர்ல விரல் மரத்துப்போச்சு, இருந்தும் ஜன்னல்கள எண்ணிட்டே நின்னேன், கதையில மாலி எதுலேர்ந்து கீழ குதிச்சிருப்பாளோன்னு.

பிப்ரவரி 9

வரல. ஞாயித்துக்கிழமை வராதுன்னு தெரிஞ்சும் இறங்கிப் போய்ப் பெட்டியத் திறந்து பாத்தேன்.

பிப்ரவரி 11

பின்கஸ் சீன். கவர்னர்கிட்டேர்ந்து தூக்குத் தண்டனைய நிறுத்துற பேப்பரக் கையில எடுத்துட்டு வர்ற அப்பாவி மனுஷன். எலெக்ஷன் பக்கத்துல இருக்கு, கறுப்பினப் போலீஸ்காரர் ஒருத்தரச் சுட்டுக் கொன்ன வில்லியம்ஸத் தூக்குல போட்டாத்தான் கறுப்பின மக்கள் ஓட்டு கிடைக்கும்னு மேயருக்கும் ஷெரீஃபுக்கும் கணக்கு, அதனால நீ பேப்பரக் கொண்டுவந்து குடுக்கவே இல்லன்னு சொல்லிடு, எடை அளவு சரிபாக்குற நகராட்சி வேல தர்றோம்னு அனுப்பிவிடறாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு வயித்தப் பிசைஞ்சுது. நான் தபால்ல எதிர்பாத்துட்டு இருக்கிற பேப்பரும் எங்கயோ யார் மேஜையிலயோ கையெழுத்தாகி கிடக்குதோ, எவனோ அப்புறம் பாத்துக்கலாம்னு ஓரமாத் தள்ளிட்டானோ, ராத்திரி பூரா இதே நெனப்பு, மூணு மணிக்கு எழுந்து டீ போட்டுக் குடிச்சேன்.

பிப்ரவரி 12

முட்டி வீங்கியிருக்கு. மெத்தை பத்தல.

பிப்ரவரி 15, சனி

டைரக்டர்கிட்ட கேட்டே கேட்டுட்டேன். மாலி குதிச்சதும் மூணு செகண்ட் அமைதி வேணும்னு. இது காமெடி, வேகம் விழுந்தா செத்துடும்ங்கிறார். வேகம் வேணும், நானும் ஒத்துக்கறேன், ஒரே விஷயத்த ஒவ்வொரு ரிப்போர்ட்டரும் ஒவ்வொரு மாதிரி போன்ல அளக்கற இடமெல்லாம் அந்த வேகம் இல்லன்னா நிக்காது. ஆனா அவ என்ன பண்ணினா? உடம்பு முடியாம மழையில நின்ன வில்லியம்ஸ ஒரு ராத்திரி தங்க விட்டா. அத வெச்சு அவனத் தூக்குமேடையில கல்யாணம் பண்ணிக்கப் போறாள்னு பேப்பர்ல கத கட்டினாங்க. ஜெயில்லேர்ந்து தப்பிச்ச அவன் எங்க ஒளிஞ்சிருக்கான்னு ரிப்போர்ட்டருங்க அவளப் போட்டு நெருக்கும்போது சொல்லாம இருக்கத்தான் குதிக்கிறா. அந்த ரூம்ல உண்மைய வித்துக் காசாக்காத ஒரே ஆளு. அவளுக்கு மூணு செகண்ட் கூடவா கிடையாது.

கோவத்துல பஸ்ஸ விட்டுட்டேன்.

பிப்ரவரி 18

கவர் வந்துச்சு. கரண்ட் பில்.

பிப்ரவரி 20

ட்ரை பண்ணிப் பாக்கலாம்னுட்டார். குதிச்சேன். இருட்டுல மெத்தையில கெடந்தபடியே எண்ணினேன், ஒண்ணு, ரெண்டு, மேல யாரும் மூச்சு விடல, அப்புறம் யாரோ அவசரப்பட்டு டெலிபோன் பெல்ல அடிச்சுட்டாங்க. நாளைக்கு மறுபடியும் எடுக்கணும்.