8 ஜிபி ராம் ஒண்ணா, 4 ஜிபி ரெண்டா?

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் அக்கா மகன் போனில் ஒரு வீடியோ எடுத்தான். 4கே, நொடிக்கு 60 ஃப்ரேம், வெளிச்சமும் நிறமும் கூடுதலாகப் பதியும் 10 பிட் எச்டிஆர், சரியாக 3 நிமிடம். தீர்த்தவாரிக்கு வந்த சாமியும், தோள்களில் ஏறி இறங்கும் பல்லக்கும், பின்னால் அலையும் போனில் தண்ணி மாதிரி ஓடுகின்றன. ஹால் டிவியில் போட்டால் பல்லக்கு விட்டு விட்டு நகர்கிறது. "சாமிக்கே திக்குதேடா" என்றாள் அம்மா.

டிவிக்குப் பின்னால் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு குட்டி டெஸ்க்டாப். ஐ3-8100டி ப்ராசசர், அதற்குள்ளேயே யுஎச்டி 630 கிராபிக்ஸ், டிடிஆர்4 ராம் 8 ஜிபி. லினக்ஸ் போட்டு, வீடியோவுக்கு எம்பிவி ப்ளேயர் வைத்திருக்கிறேன்.

முதலில் சந்தேகத்தில் மாட்டியது டிவிக்குப் போகும் கேபிள் இணைப்பு. இந்தப் பெட்டியின் எச்டிஎம்ஐ பழைய 1.4 ரகம், 4கே என்றால் 30 ஹெர்ட்ஸ்தான் தரும். டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ 2.0-க்கு மாற்றும் ஆக்டிவ் கன்வெர்ட்டர் போட்டதும் 60 வந்தது. திக்கல் குறைந்ததே தவிர, போகவில்லை.

எம்பிவியில் 'ஐ' பட்டனைத் தட்டினால் திரையின் மூலையில் கணக்கு வரும். தவறிய ஃப்ரேம்களை டிகோடர் (சுருக்கிய வீடியோவைப் படங்களாகப் பிரிக்கும் பகுதி) தவறவிட்டது, திரைக்கு அனுப்பும்போது தவறியது என்று பிரித்தே காட்டும். டிகோடர் பக்கம் பூஜ்யம். திரை பக்கம் மட்டும் ஆட்டோ மீட்டர் மாதிரி ஏறிக்கொண்டே போய் 412-இல் நின்றது. 7ஆம் தலைமுறையிலிருந்தே இன்டெல் சிப்புகள் 10 பிட் எச்இவிசியை (இந்த வீடியோ சுருக்கப்பட்ட வடிவம்) வன்பொருளிலேயே பிரித்துவிடும் என்பதால் டிகோடர் மேல் எனக்கும் சந்தேகம் இல்லை. பிரித்த படத்தைத் திரைக்குக் கொண்டுபோவதில்தான் எங்கேயோ நெரிசல்.

கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் செட்டிங்கில் கிராபிக்ஸுக்கு ஒதுக்கும் மெமரியை 64-லிருந்து 512 எம்பி ஆக்கிப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. ராம் பத்தவில்லையோ என்று பார்த்தால் 8 ஜிபியில் 3 கூடச் செலவாகவில்லை. கடைசியில், பெட்டிக்குள் என்ன மாட்டியிருக்கிறது என்று சொல்லும் டிஎம்ஐடிகோட் கட்டளையை ஓட்டியபோதுதான் உறைத்தது: ஒரு ராம் ஸ்லாட்டில் 8 ஜிபி, இன்னொன்று காலி. வாங்கும்போது கடைக்காரர், "சிங்கிளா 8 போட்டுக்குங்க சார், பின்னாடி இன்னொண்ணு சேர்த்துக்கலாம்" என்றார். நானும் தலையாட்டினேன். அந்தப் 'பின்னாடி' வரவே இல்லை.

யுஎச்டி 630-க்குச் சொந்த மெமரி கிடையாது, ப்ராசசரோடு அதே ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. டிடிஆர்4-2400 ஒரு ஸ்டிக் என்றால் காகிதக் கணக்கில் நொடிக்கு 19.2 ஜிபி. இரண்டு ஸ்டிக், இரண்டு சேனல் (ராமுக்கும் ப்ராசசருக்கும் இடையிலான பாதை) என்றால் 38.4. வட்டிலிருந்து வரும் வீடியோ ஃபைல் நொடிக்கு 7 எம்பி சுமார்தான். ஆனால் பிரித்தபின் ஒவ்வொரு 4கே 10 பிட் ஃப்ரேமும் கிட்டத்தட்ட 25 எம்பி, 60 ஃப்ரேமுக்கு 1.5 ஜிபி. எச்டிஆரைச் சாதாரண டிவிக்கு ஏற்ற நிறமாக்கும்போது இடையில் எழுதிவைக்கும் பிரதி ஒன்றுக்கு 66 எம்பி. எழுதவும் திரும்பப் படிக்கவும் சேர்த்து ஒரு சுற்றுக்கே நொடிக்கு 8 ஜிபி ஆகிறது. டிவிக்கு அனுப்ப இன்னொரு 2. டிகோடர் பழைய ஃப்ரேம்களைப் புரட்டுவது தனி. 19.2 முழுதாக ஒருநாளும் கிடைக்காது. தொட்டி பெரிசுதான், குழாய் ஒன்றே ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை பாண்டிக்கு பஸ் ஏறிப் பழைய 4 ஜிபி லேப்டாப் ராம் இரண்டு வாங்கிவந்தேன், இந்தக் குட்டிப் பெட்டிக்கு அதுதான் பொருந்தும். வேகம் 2666 என்று எழுதியிருந்தாலும் இந்த ப்ராசசரில் 2400-இல்தான் ஓடும், அதனால் ஒப்பிடுவதற்கும் வசதி. மொத்த அளவு அதே 8, வேகமும் அதே. மாறியது சேனல் எண்ணிக்கை மட்டும்.

ஒரு ஸ்டிக்கின் தங்க முனைகளில் மங்கலாக ஒரு படலம். எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு இது புதிதல்ல. பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை பிரஷ்ஷால் தட்டிவிட்டு, சாய்வாக நுழைத்து அழுத்தினேன். இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்' என்று விழுந்தது. பவர் பட்டனைத் தட்டினால் கறுப்புத் திரை. அரை நிமிடம் போயிருக்கும், அம்மா வாசலிலிருந்தே "ரிப்பேர் பண்ணிட்டியா?" என்றாள். புது ராமைப் போர்டு அளந்து பழகிக்கொள்ளும் நேரம் அது. எனக்கே அடுத்த முறைதான் பயம் போயிற்று.

அதே வீடியோ, அதே 3 நிமிடம், தவறியது 6. அந்த ஆறும் தொடங்கிய கையோடு விழுந்தவை. பல்லக்கு அசைவது அசைவாகவே தெரிகிறது.

பழைய 8-ஐயும் ஒரு 4-ஐயும் சேர்த்துப் பார்த்தேன். முதல் 4+4 பகுதி இரட்டைச் சேனலில் ஓடும், மிச்ச 4 ஒற்றையில். தவறிய ஃப்ரேம் ஒருநாள் 9, ஒருநாள் 60. நம்பிக்கையில்லாமல் திரும்ப 4+4-க்கே வந்துவிட்டேன். 1080பி படங்களில் இந்தப் பாடு எதுவும் இல்லை, ஒற்றை ஸ்டிக்கிலேயே ஒழுங்காகத்தான் ஓடின. யூடியூபில் ஏவி1 வடிவத்தில் வரும் 4கே மட்டும் இன்னும் திக்குகிறது. அதற்கு ராம் பொறுப்பல்ல. இந்தச் சிப்பில் ஏவி1 டிகோடரே இல்லை. பிரவுசரில் ஏவி1-ஐ அணைத்து, இந்தச் சிப் பிரிக்கக்கூடிய விபி9 வடிவத்தை வரவைத்திருக்கிறேன். 8 ஜிபி ஸ்டிக் மேசை டிராயரில் கிடக்கிறது, ஜோடி கிடைக்கும்வரை.