சினைப்பைப் புற்றுநோய்: சோதனையை முதலிலேயே கேளுங்கள்

கோவையில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் மரபணு ஆலோசகராக இருக்கிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்த மரபணுச் சோதனை எதற்கு என்று விளக்குவது, ரிப்போர்ட் வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்வது, அப்புறம் குடும்பத்தில் யார் யாரைப் பரிசோதிக்க வேண்டும் என்று பேசுவது, இதுதான் வேலை. மார்பகம், குடல் என்று எல்லா வகை நோயாளிகளும் வருகிறார்கள். ஆனால் சினைப்பைப் புற்றுநோய் வந்தவர்களைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் அவர்களில் பலர் என்னிடம் வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

நோய் தெரிவதே தாமதம். வயிறு உப்புசம், பசியின்மை, இரண்டு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடுவது, இதையெல்லாம் கேஸ் தொந்தரவு என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்துக்கடை மாத்திரையில் ஓட்டி, வயிற்றில் நீர் கோத்த பிறகுதான் ஸ்கேன் எடுக்கிறார்கள். பெரும்பாலும் மூன்றாம் நிலை. பிறகு ஆபரேஷன், ஆறு கீமோ, சிஏ 125 என்ற ரத்தக் குறியீடு இறங்கியது, வீட்டுக்குப் போகலாம். அத்தோடு முடிந்தது என்று நினைத்திருக்கும்போது பலருக்கு இரண்டு மூன்று வருடத்தில் நோய் திரும்பி வருகிறது. அப்போதுதான் யாரோ சொல்லி, "இதுக்கு ஏதோ மாத்திரை இருக்குதாமே" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். எனக்கு மனசு ஆறாது. அந்த மாத்திரை அதிகப் பலன் தருவது முதல் கீமோ முடிந்த கையோடு ஆரம்பித்தவர்களுக்குத்தான்.

அவர்கள் கேட்பது பார்ப் தடுப்பான் வகை மாத்திரைகளை. ஓலபரிப், நிராபரிப் இரண்டும் அந்த வகை. நம் செல்களில் டிஎன்ஏ இழை நாளும் அறுந்துகொண்டேதான் இருக்கிறது. ஒற்றை இழை அறுந்தால் சரிசெய்ய பார்ப் என்ற புரதம் வரும். இரண்டு இழையும் சேர்ந்து அறுந்தால் அதைப் பிசகில்லாமல் ஒட்டுவதற்கு பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்கள் வேண்டும். கட்டியில் பிஆர்சிஏ ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால், மாத்திரை பார்ப்பையும் முடக்கும்போது அந்தச் செல்லுக்குப் பிழைக்க வழியில்லை. உடம்பின் மற்ற செல்களில் நல்ல பிரதி ஒன்றாவது இருப்பதால் அவை தாக்குப்பிடிக்கும். இதை 2005லேயே ஆய்வகத்தில் காட்டிவிட்டார்கள். 2014 டிசம்பரில் அமெரிக்காவில் ஓலபரிப்புக்கு அனுமதி கிடைத்தது. 2018இல் வந்த சோலோ-1 ஆய்வுதான் எங்கள் துறையின் பேச்சையே மாற்றியது: பிஆர்சிஏ பிழை உள்ளவர்கள் முதல் கீமோவுக்குப் பிறகு இரண்டு வருடம் ஓலபரிப் எடுத்தபோது, நோய் மீண்டும் வளர்வதற்கோ உயிரிழப்பதற்கோ உள்ள ஆபத்து 70 சதவீதம் குறைந்தது. ஏழு வருடம் கழித்துக் கணக்கெடுத்தபோது மாத்திரை எடுத்தவர்களில் 67 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், எடுக்காதவர்களில் சுமார் 46. பல சுற்று கீமோ பார்த்துவிட்ட பிறகு, வளர்ந்து நிற்கும் நோய்க்குக் கீமோவுக்குப் பதிலாக இதைக் கொடுப்பதில் அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. 2022இல் அமெரிக்காவில் அந்தக் கடைசிக் கட்டப் பயன்பாட்டுக்கான அனுமதிகளை மருந்து நிறுவனங்களே திரும்பப் பெற்றுக்கொண்டன. அதனால்தான் பிஆர்சிஏ பிழை இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை முதலிலேயே கேளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சோதனை இரண்டு விதம். ரத்தத்தில் பார்ப்பது, பிறவியிலேயே வந்த பிழை இருக்கிறதா என்று. கட்டியில் பார்ப்பது, அங்கே மட்டும் புதிதாக ஏற்பட்ட பிழையையும் சேர்த்து. சினைப்பைப் புற்றுநோயில் அதிகம் வருவது ஹை கிரேடு சீரஸ் என்ற வகை. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பிஆர்சிஏ பிழை இருக்கும். பிஆர்சிஏ நன்றாக இருந்தும் வேறு காரணத்தால் அந்த ஒட்டுவேலை நடக்காத கட்டிகளும் உண்டு, அதைக் கண்டுபிடிப்பது ஹெச்ஆர்டி சோதனை. எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வந்துவிடுவார்கள். ரத்தம், கட்டி இரண்டில் ஒன்று போதாதா என்று கேட்பார்கள். இரண்டையும் சேர்த்து அனுப்புவதுதான் சரி என்பது என் கருத்து, ஒன்றில் தவறுவது இன்னொன்றில் சிக்கும்.

ரத்தம் எடுப்பது சுலபம், ஊதா மூடிக் குழாயில் சில மில்லி. கட்டியின் பிளாக்தான் பாடாய்ப்படுத்தும். பிளாக் என்பது தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் கூட்டில் உறைந்த மெழுகு, நடுவில் நகக்கண் அளவுக்குப் பழுப்பாகத் திசு, ஓரத்தில் பென்சிலால் எழுதிய எண். ஆபரேஷன் வேறு ஊரில் நடந்திருந்தால் பிளாக்கும் அங்கேதான் இருக்கும். வீட்டுக்காரர் பஸ் ஏறிப் போய்க் கேட்டு வாங்கி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். வெயில் காலத்தில் அப்படிக் கொண்டுவராதீர்கள், மெழுகு இளகிவிடும் என்று இப்போதெல்லாம் முன்கூட்டியே சொல்லி அனுப்புகிறோம். வந்ததும் எங்கள் பேத்தாலஜி டாக்டர் ஸ்லைடைப் பார்த்து, புற்றுச் செல்கள் அடர்ந்த இடத்தைப் பேனாவால் வளைத்துக் காட்டுவார், அந்த இடத்திலிருந்துதான் டிஎன்ஏ எடுக்க வேண்டும். திசு கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் நாள்கணக்கில் ஊறிப்போன திசு என்றால் டிஎன்ஏ துண்டு துண்டாகியிருக்கும். கீமோ கொடுத்த பிறகு ஆபரேஷன் செய்தவர்களுக்கு இன்னொரு சிக்கல்: மருந்து நன்றாக வேலை செய்திருந்தால் பிளாக்கில் புற்றுச் செல்களே போதாது. கீமோவுக்கு முந்தைய பயாப்சி பிளாக் இருந்தால் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும், அதுவும் ஊசி பயாப்சியாக இருந்தால் மயிரிழை அளவு திசுதான் மிஞ்சியிருக்கும்.

ரிப்போர்ட் வந்தாலும் எல்லாருக்கும் மாத்திரை இல்லை. இதைச் சொல்லும் நாள்கள் கஷ்டமானவை. ஹெச்ஆர்டியும் இல்லை என்றால் பார்ப் மருந்தின் பலன் குறைவு, கடன் வாங்கிச் சாப்பிடும் அளவுக்கு அது உதவாது என்பதை நான் மழுப்புவதில்லை. கட்டிக்கு ரத்தக்குழாய் வளரவிடாமல் தடுக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்தைப் பற்றி டாக்டர் பேசுவார். பிளாட்டினம் கீமோவுக்கு மசியாத நோயில் ஃபோலேட் ரிசெப்டர் ஆல்ஃபா என்ற புரதம் அதிகம் உள்ள கட்டிகளுக்கு மிர்வெடுக்சிமாப் என்ற மருந்து 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நம் ஊர்க் குடும்பத்துக்கு அது கைக்கெட்டும் விலையில் இல்லை. சிலருக்கு 'முக்கியத்துவம் தெரியாத மாற்றம்' என்று வரும், அதாவது அந்த மாற்றம் கெடுதலா இல்லையா என்று இன்னும் தெரியாது. அதை வைத்து மருந்தும் கொடுக்கக் கூடாது, மகளுக்குச் சோதனையும் செய்யக் கூடாது. உலகத் தரவுத்தளங்களில் நம் மக்களின் மரபணு விவரம் குறைவு, அதனால் இந்தப் பதில் நமக்குக் கூடுதலாகவே வருகிறது.

மாத்திரை ஆரம்பித்தவர்களுக்கு முதல் சில மாதம் குமட்டலும் அசதியும் இருக்கும், ஹீமோகுளோபின் இறங்கும். ரத்த எண்ணிக்கை பார்க்காமல் மாத்திரையை மட்டும் கூரியரில் வாங்கிச் சாப்பிடுபவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கும். நிராபரிப்பில் தட்டணுக்கள் குறையும். 77 கிலோவுக்குக் கீழே இருந்தால் தினம் 200 மில்லிகிராமில்தான் தொடங்க வேண்டும், நம் பெண்களில் பெரும்பாலோர் அதற்குக் கீழேதான். உள்நாட்டுத் தயாரிப்புகள் வந்து ஓலபரிப் விலை முன்பைவிட இறங்கியிருப்பது உண்மையிலேயே பெரிய ஆறுதல்.

அப்புறம் குடும்பம். உடுமலைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு ரத்தத்திலேயே பிஆர்சிஏ1 பிழை இருந்தது. அவருக்கு மாத்திரை கிடைக்கும் என்றதும் முகம் தெளிந்தது, மகளுக்கும் பார்க்க வேண்டும் என்றதும் இருண்டுவிட்டது. "எனக்கு வந்தது வந்துருச்சு கண்ணு. ஜாதகம் எடுத்திருக்கிற நேரத்துல பிள்ளைய எதுக்கு இதுல இழுக்கோணும்?" என்றார். அந்தப் பயம் நியாயமானது, அதை அறியாமை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. "உங்க பிள்ளைக்கு இப்ப நோய் இருக்குன்னு நான் சொல்லலைங்கம்மா" என்று தொடங்கி, இருந்தால் என்ன செய்யலாம் என்பதைச் சொன்னேன். பிஆர்சிஏ1 உள்ள பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் அளவுக்குச் சினைப்பைப் புற்றுநோய் வரலாம், ஆனால் குழந்தை பெற்று முடித்து 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிட்டால் அந்த ஆபத்து பெருமளவு குறையும். குடும்பத்தின் பிழை எது என்று தெரிந்துவிட்டதால் மகளுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், முழுச் சோதனையின் செலவில் சிறு பங்குதான்.

வம்சாவளி வரையும்போது, தன் அம்மா வழியில் யாருக்கும் எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொன்னார். அப்பா வழியைக் கேட்டேன். "ரெண்டு அத்தைங்க வயித்துக்கட்டி வந்து போயிட்டாங்க. அப்பா வழியில வருங்களா இது?" வரும். பிழை இருப்பவர் ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண்கள் பெரும்பாலும் நோயில்லாமலே கடத்திவிடுவதால் குடும்பத்தில் அது ஒளிந்தே கிடக்கும்.

மகள் சில வாரம் கழித்து, வீட்டில் சொல்லாமல், தனியாக வந்து ரத்தம் கொடுத்தாள். அவளுக்கும் இருந்தது. அழுதாள், அப்புறம் எந்த வயதில் எந்த ஸ்கேன் என்று எழுதிக்கொண்டாள். பெரியம்மா வீட்டில் மூன்று அக்காமார்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டாள். தமிழில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்: குடும்பத்தில் இன்ன பிழை இருக்கிறது, இன்ன சோதனை போதும், ரத்தம் கொடுக்க எங்கே வர வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரே பக்கத்தில். நோம்பிக்கு ஊருக்குப் போகும்போது கொடுப்பதாகச் சொன்னாள். மூத்த அக்கா மட்டும் இதுவரை போன் செய்திருக்கிறார், வரும் வாரம் வருகிறார்.