அப்பா கேசட்

3 செப்டம்பர் 2021, வெள்ளி

கடையைத் திறந்துகொண்டிருக்கும்போது பெங்களூரிலிருந்து மகளின் செய்தி: "அப்பா நான்கு பேரும் மறுபடி சேர்ந்துவிட்டார்கள்." வேறு யாராவது படித்தால் மயக்கம் போட்டிருப்பார்கள். ஸ்வீடன் நாட்டு இசைக்குழுவைச் சொல்கிறாள். ஆக்னெத்தா, பியோர்ன், பென்னி, ஆனிஃபிரிட் என்ற நான்கு பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோத்தால் வரும் ABBA-வை எங்கள் வீட்டில் 'அப்பா' என்றுதான் எழுதுவோம்.

அதற்குக் காரணம் 1979. விடுதியில் பக்கத்து அறையில் கூத்தாநல்லூர் நண்பன். ஒரு நாள் இரவு, "அப்பா கேசட் வந்திருக்கிறது, கேட்கிறாயா?" என்றான். அவனுடைய தகப்பனார் சிங்கப்பூரில் கடை வைத்திருந்தார். கடிதம் எழுதச் சோம்பல்பட்டு கேசட்டில் பேசிப் பதிவு செய்து ஊருக்கு அனுப்புகிறவர்கள் அப்போது பலர். பிள்ளைக்குத் தகப்பன் பேசியதை அந்நியன் எப்படிக் கேட்பது என்று வாசலிலேயே நின்றேன். உள்ளிருந்து இரண்டு பெண்கள் ஒரே மூச்சில் பாடினார்கள்.

அதே பெயரில் ஸ்வீடனில் மீன் பதனிடும் நிறுவனம் ஒன்று ஏற்கெனவே இருந்ததாம். கேட்டு அனுமதி வாங்கித்தான் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

செய்தி இதுதான்: 'வாயேஜ்' என்ற புதிய ஆல்பம் நவம்பர் 5 அன்று வருகிறது. கடைசி ஆல்பம் 1981 நவம்பரில் வந்தது. பிரிந்துவிட்டோம் என்று அவர்கள் ஒருபோதும் முறையாக அறிவிக்கவில்லை. 1982-க்குப் பிறகு சும்மா இருந்துவிட்டார்கள். எங்கள் மெல்லிசைக் குழு அப்படியல்ல. முன்பணத் தகராறில் கும்பகோணம் பஸ் நிலையத்தில் ஊரே கேட்கப் பிரிந்தோம்.

4 நவம்பர், தீபாவளி

நான்கு மணிக்கே எண்ணெய்க் குளியல். மழை. நமுத்த பட்டாசை அடுப்புப் பக்கம் வைக்க வேண்டாம் என்று மனைவி மூன்று முறை சொன்னாள். குத்தாலத்திலிருந்து அக்கா போனில் வாழ்த்தினார். உடன்பிறந்தவர் அல்லர், எங்கள் குழுவில் பாடியவர். குழு உடைந்த பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் பேசிக்கொள்கிறோம். நாளைக்கு வரப்போவதைச் சொன்னேன். "எல்லோருக்கும் எழுபது தாண்டியிருக்குமே" என்றார். தாண்டியிருக்கிறது. இளையவர் ஆக்னெத்தாவுக்கே எழுபத்தொன்று.

5 நவம்பர், வெள்ளி

பத்துப் பாட்டு, நாற்பது நிமிடம்கூட இல்லை. விடியற்காலையில் ஒரு முறை, கடையில் ஒரு முறை, இரவு ஒரு முறை கேட்டேன்.

முதல் பாட்டு மெதுவாகத் தொடங்குகிறது. 'ஐ ஸ்டில் ஹேவ் ஃபெய்த் இன் யூ'. ஃபிரிடா (ஆனிஃபிரிட்தான்) தனியாக, கீழ்ஸ்தாயியில், படி ஏறுகிறவர் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வதுபோல் ஒவ்வொரு சொல்லையும் பிடித்துப் பாடுகிறார். பழைய பாட்டுகளில் இவர்கள் இருவரும் சேர்ந்து மேலே போனால் விளக்குப் போட்ட மாதிரி இருக்கும். இங்கே அந்த உயரம் இல்லை. அதற்குப் பதில் ஒரு கனம். மூன்றாம் முறை கேட்கும்போதுதான் எனக்குப் பிடித்தது. முதல் முறை, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

8 நவம்பர், திங்கள்

குறைகளை எழுதிவிடுகிறேன். மூன்றாவது பாட்டு கிறிஸ்துமஸ் காலைப் பாட்டு, கடைசியில் குழந்தைகள் வேறு சேர்ந்து பாடுகிறார்கள். அதிரசத்தைப் பாகில் ஊறவைத்த மாதிரி. எட்டாவது வண்டைப் பற்றியது, எனக்கு ஒட்டவில்லை. பத்தாவது பெரிய ஆர்கெஸ்ட்ராவோடு முடிகிறதே தவிர, முடிந்த மாதிரி இல்லை.

ஏழாவது வேறு ரகம். மணவிலக்கு பெற்ற தாய் பிள்ளையைத் தகப்பனிடம் விட்டுவிட்டு வருகிறாள். கால் தாளம் போடுகிறது, தொண்டை அடைக்கிறது. இந்த நால்வரும் இரண்டு தம்பதிகளாக இருந்தவர்கள். ஒரு ஜோடி 1980-லும் மற்றது 1981-லும் விவாகரத்துப் பெற்றன. பிறகு நாற்பது வருடம் கழித்து ஒருவர் எழுத, முன்னாள் மனைவி மைக் முன்னால் நின்று பாடுகிறார். பாட்டு ஓய்கிற இடத்தில் பியானோவில் 1975-ன் 'எஸ்.ஓ.எஸ்' பாட்டின் சாயல் எட்டிப் பார்க்கிறது. கடையில் இருந்தவர் ஒன்பது வாட் பல்பு கேட்டார், நான் ஐந்து வாட்டை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

பென்னிக்கு ஆறு வயதில் கையில் கிடைத்தது அக்கார்டியன். நானும் குழுவில் அக்கார்டியன்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் ஒரு அற்ப சந்தோஷம்.

11 நவம்பர், வியாழன்

விடாத மழை. மின்சாரம் இல்லை. மைத்துனரின் ஐந்து மா நிலத்துத் தாளடி நெல், நட்டு இருபது நாள், முழுவதும் தண்ணீருக்குள். வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருக்கிறது. அவரும் நானும் இன்னும் இரண்டு பேரும் இடுப்பளவு நீரில் இறங்கி இழுத்தோம். பாட்டு எதுவும் கேட்கவில்லை.

14 நவம்பர், ஞாயிறு

பிரிட்டனில் ஆல்பம் முதலிடம். அங்கே முதலிடம் பிடித்த அவர்களின் ஆல்பங்களில் இது பத்தாவதாம். மகள் மூன்று ஆச்சரியக்குறி போட்டு அனுப்பியிருக்கிறாள்.

அடுத்த மே மாதம் லண்டனில் தொடங்கப்போகும் கச்சேரியைப் பற்றி அவளோடு சண்டை. மேடையில் அவர்கள் நிற்க மாட்டார்கள், 1979-ல் இருந்த தோற்றத்தில் கணினி செய்த உருவங்கள் ஆடும். அதற்காக நால்வரும் உடம்போடு ஒட்டிய உடை அணிந்து, 160 கேமராக்களுக்கு முன்னால் ஐந்து வாரம் பாடி ஆடியிருக்கிறார்கள். "நடிகர்கள் மட்டும் தாத்தா வயதில் கல்லூரி மாணவனாக வரலாமா?" என்று மடக்கினாள். அதையும் நான் ஒப்புக்கொண்டவனில்லை. குரலுக்கு வயதானதை மறைக்காதவர்கள் முகத்துக்கு மட்டும் ஏன் இந்தக் கூச்சம்? ஆனால் டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் போவேன் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

கார்த்திகை 1

இன்று முடவன் முழுக்கு. வெளியூர்க்காரர்களுக்காக: ஐப்பசி முழுவதும் காவிரி துலாக்கட்டத்தில் நீராடுவது எங்கள் ஊரான மயிலாடுதுறையின் வழக்கம். ஒரு கால் ஊனமுற்றவர் வெகுதூரத்திலிருந்து நடந்து வந்து சேர்வதற்குள் மாதமே முடிந்துவிட்டது. அவர் அழுதார். மயூரநாதர் மனமிரங்கி, கார்த்திகை முதல் நாள் முழுகினாலும் அதே பலன் என்று வரம் தந்தார். தவணை நீட்டித்த தெய்வம் என்பதால் கடன் வாங்கியவர்களுக்கு எங்கள் சுவாமியிடம் தனிப் பிரியம்.

அக்கா வருவதாகச் சொல்லியிருந்தார். படித்துறையில் முழுகிவிட்டு, ஈரத் தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்தபடி, "உன் அப்பா கேசட்டைப் போடு தம்பி" என்றார். அவருக்கு ஆங்கிலம் வராது. நான் எதையும் விளக்கவில்லை. வரிசையாக ஓடவிட்டேன்.

முதல் பாட்டில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "சுருதியை இறக்கிக்கொண்டு பாடுகிறார்கள். நல்லது." இரண்டாவதில் டம்ளரைக் கீழே வைத்துத் தொடையில் தாளம். மூன்றாவதில் மனைவியிடம் சாம்பார்ப்பொடி அளவு கேட்கப் போய்விட்டார், நான் சொன்னேனே. நான்காவதுக்குத் திரும்பி வந்தார். ஐந்தாவது தொடங்கிப் பத்து விநாடி இருக்காது, கையை உயர்த்தினார்.

"நிறுத்து. இது யார்?"

"அவர்கள்தான் அக்கா."

"இல்லை. இது சின்னப் பெண்கள். மூச்சு வேறு மாதிரி இருக்கிறது."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 'ஜஸ்ட் எ நோஷன்' 1978-ல் பாடிப் பதிவு செய்து வெளியிடாமல் வைத்திருந்த பாட்டு. குரல் அப்போதையது, வாத்தியங்களை மட்டும் இப்போது புதிதாக வாசித்துச் சேர்த்திருக்கிறார்கள். அன்றைக்கு ஆக்னெத்தாவுக்கு இருபத்தெட்டு வயது. நான் ஒரு வாரமாக எத்தனையோ முறை கேட்டும், செய்தியில் படித்த பிறகுதான் எனக்கு வித்தியாசம் உறைத்தது. அக்காவுக்குப் பத்து விநாடி.

விவரம் சொன்னதும் அவர் மறுபடி நான்காவதைப் போடச் சொன்னார், பிறகு ஐந்தாவதை, மறுபடி நான்காவதை. எது பிடித்திருக்கிறது என்று கேட்டேன். "சின்னக் குரலுக்கு எதுவும் தெரியாது, பாடிவிடும். பெரிய குரல் எங்கே நிற்கக் கூடாது என்று தெரிந்து தாண்டிப் போகிறது பார். பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறார்களே, தைரியசாலிகள்." சிறிது நேரம் கழித்து, "நான் ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடினேன். இப்போது நாலுதான். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மட்டும் இன்னமும் ஐந்தரையில் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு வாயசைக்கிறேன்" என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நின்றபடியே இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

21 நவம்பர், ஞாயிறு

பரணிலிருந்து அக்கார்டியனை இறக்கினேன். துருத்தியின் மடிப்பில் இரண்டு இடத்தில் எலி கடித்திருக்கிறது, இழுத்தால் ஆஸ்துமா நோயாளிபோல் சீறுகிறது. நாலு கட்டை பேசுகிறது, மேலே மூன்று கட்டைகள் ஊமை. சைக்கிள் டியூபும் பசையும் வைத்து ஒட்டிப் பார்க்க வேண்டும்.

மைத்துனர் வயலில் மூன்று மா தலைதூக்கிவிட்டது. இரண்டு மா அழுகல், நாற்றுக்கு அலைகிறார்.

இரவு மகள் போன். "முடிவாகச் சொல்லுங்கள், ஆல்பம் எப்படி?"

"பத்தில் ஏழு தேறும்."

"எந்த மூன்று தேறாது?" என்று சண்டைக்குத் தயாராகிவிட்டாள். ஒரு மணி நேரம் ஆகியும் எட்டாவது பாட்டையே தாண்டவில்லை.