டாமி ஜான் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. பசியாறிவிட்டு வந்து கோலாலம்பூர் செந்தூலில் என் பிசியோ அறைக் கதவைத் திறப்பதற்குள் அப்பாவும் மகனுமாக இரண்டு பேர் வாசலில் நின்றிருந்தார்கள். பையனுக்குப் பதினாறு வயது, பள்ளிக்காக ஈட்டி எறிகிறான். வலது முழங்கையின் உள்பக்கத்தை இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தான். யாரோ இரண்டு வாரம் எண்ணெய் போட்டு உருவிவிட்டிருக்கிறார்கள். வலி இன்னும் கூடியதுதான் மிச்சம்.

அப்பா லாரி ஓட்டுகிறவர். யூடியூப்பில் நிறையப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"டாமி ஜான் டாமி ஜான்கிறாங்களே, அந்த டாக்டர் எந்த ஆஸ்பத்திரில இருக்காருமா? எத்தனை வெள்ளி ஆகும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது. "அவரு டாக்டர் இல்லைண்ணே. அவருதான் நோயாளி. அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரரு. முழங்கை ஜவ்வு அறுந்தா செய்ற ஆபரேஷனை முதல்ல அவருக்குத்தான் செஞ்சாங்க, அதனால அதுக்கு அவரு பேரு."

முதலில் பையன் கதையை முடித்துவிடுகிறேன். ஸ்கேனில் ஜவ்வு அறுந்திருக்கவில்லை, கொஞ்சம் நைந்திருந்தது. கத்தி வேண்டாம், ஓய்வும் பயிற்சியும் போதும் என்று எலும்பு டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் அப்பாவின் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. ஒரு மனிதரின் பெயர் செந்தூல் வரை வந்து சேர்ந்திருக்கிறது, அவர் யாரென்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான் என்று எனக்குப் படுகிறது. இல்லாவிட்டால் கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்குள் அவர் எப்போதோ போயிருப்பார்.

நான் பேஸ்பாலுக்குள் வந்ததே முழங்கை வழியாகத்தான். படிக்கும்போது ஒரு பாடத்தில் இந்த அறுவை சிகிச்சை வந்தது, பிறகு ஆட்டத்தையும் பார்க்க ஆரம்பித்தேன். அக்டோபரில் அமெரிக்க பேஸ்பாலின் இறுதிச் சுற்றான வேர்ல்டு சீரிஸ் நம் நேரத்துக்குக் காலை எட்டு மணிக்குத் தொடங்கும். முதல் நோயாளி வருகிற நேரம். என் நோயாளிகள் பலருக்கு ஆட்டத்தின் விதிகள் தெரியாது, ஆனால் எந்த பிட்சரின் (பந்து வீசுகிறவரின்) கை எப்போது கிழியும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பதால் அவர்களுக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது.

இப்போது டாமி ஜான். இடதுகை பிட்சர், இந்தியானா மாநிலத்துக்காரர், 1943-ல் பிறந்தவர். 1974 ஜூலையில் டாட்ஜர்ஸ் அணிக்காக ஆடிக்கொண்டிருந்தார். அந்த சீசனில் அதுவரை அவர் கணக்கில் 13 வெற்றி, 3 தோல்வி (ஆட்டத்தின் வெற்றி தோல்வியைப் பிட்சர் பெயரிலும் எழுதுவார்கள்). நல்ல ஓட்டத்தில் இருந்தவர் ஒரு பந்தை வீசும்போது முழங்கை ஜவ்வு அறுந்துபோனது. அன்றைக்கு அப்படி அறுந்தால் பிட்சருக்குப் பிழைப்பு முடிந்தது என்று அர்த்தம். டாக்டர் ஃபிராங்க் ஜோப், அந்த ஆண்டு செப்டம்பர் 25 அன்று, அவருடைய வலது கை மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு நாணை எடுத்தார். இடது முழங்கை எலும்புகளில் துளை போட்டு, அந்த நாணை எட்டு வடிவத்தில் கோர்த்துக் கட்டினார். திரும்ப ஆடுவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்றார்கள்.

அந்த நாண் எது என்று பார்க்க ஸ்கேன் வேண்டாம். கட்டைவிரல் நுனியால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டு, மணிக்கட்டை லேசாக உள்ளே மடக்குங்கள். நடுவில் கயிறு மாதிரி ஒன்று எழும்பி நிற்கும். சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. இல்லாவிட்டாலும் கைக்கு ஒரு குறையும் கிடையாது. அதனால்தான் அதை எடுக்கிறார்கள். பையனுக்கு வலதில் நன்றாக எழும்பியது, இடதில் ஒன்றுமே இல்லை. அப்பா தன் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றி மடக்கிப் பார்த்தார். இரண்டிலும் இல்லை. "எனக்கு உதிரிப் பொருளே வைக்கல போல" என்றார்.

இனிமேல்தான் என் கட்சி.

"டாமி ஜானை மண்டபத்தில் சேர்க்கலாமா" என்ற பேச்சு வந்தாலே அவருக்குப் பரிந்து பேசுகிறவர்கள் முதலில் எடுப்பது அந்த ஆபரேஷனைத்தான். எத்தனை பிட்சர்களைக் காப்பாற்றிய ஆபரேஷன், அதற்காகவாவது உள்ளே விடுங்கள் என்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. கத்தி பிடித்தவர் ஜோப். அவரை 2013-ல் புகழ் மண்டப விழா நாட்களில் கூப்பிட்டுக் கௌரவித்தும் விட்டார்கள், நியாயம்தான். ஜானுக்காக அதே ஆபரேஷனை இன்னொரு தடவை காட்டினால், ஓட்டுப் போடுகிறவர் "அதான் பெயர் வைத்தாச்சே" என்று நகர்ந்துவிடுவார். பெயரே அவருக்கு எமனாகிவிட்டது.

காட்ட வேண்டியது ஆபரேஷனுக்குப் பிறகு நடந்ததை. என் தொழிலில் தினமும் பார்க்கிறேன். அறுவை சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி ஒரு வருடமோ அதற்கு மேலோ நோயாளியின் தலையில்தான். இன்றைக்கு வருகிற பையனுக்கு எந்த வாரம் எவ்வளவு தூரம், எத்தனை பந்து என்று அட்டவணை எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஜானுக்கு அட்டவணை எங்கே இருந்தது? அவர்தான் முதல் ஆள். நடுவில் நரம்பு கெட்டு விரல்கள் மடங்கிப்போய், அதற்கு இன்னொரு அறுவை சிகிச்சையும் ஆனது. 1975 முழுக்க ஓர் ஆட்டம்கூட இல்லை. 1976 ஏப்ரலில் திரும்பி வந்தார். அடுத்த வருடம் 20 வெற்றி. 1979-ல் 21, 1980-ல் 22.

மொத்தம் 288 வெற்றிகள். அதில் 124 பழைய முழங்கையில், 164 புதிய முழங்கையில். வீட்டை இடித்துக் கட்டிய பிறகு முன்னைவிட அதிக நாள் குடியிருந்த மாதிரி. 26 சீசன். 1989-ல், 45 வயதில், யாங்கீஸ் அணியின் சீசன் முதல் ஆட்டத்தில் பந்து வீசி ஜெயித்தார். (அதே வருடம்தான் மார்க் மெக்வயர் என்ற இளம் ஆட்டக்காரர் ஜானின் பந்தை அடித்தார். மெக்வயரின் அப்பா ஜானின் பல் டாக்டர். பல் டாக்டர் மகனே நம் பந்தை அடிக்க ஆரம்பித்துவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று ஜான் சொன்ன கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.)

எதிர்க்கட்சி சொல்வதிலும் விஷயம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஒரு தடவைகூட வாங்கவில்லை. இரண்டு முறை இரண்டாவது இடத்தோடு சரி. நட்சத்திர வீரர்கள் மட்டும் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானது நான்கே முறை. 4,710 இன்னிங்ஸ் வீசி எடுத்த ஸ்ட்ரைக் அவுட் (பின்னால் நிற்கிறவர்கள் உதவியில்லாமல் பிட்சரே ஆளை அவுட் ஆக்குவது) 2,245. இத்தனை நீண்ட கணக்குக்கு இது குறைவு. ஆனால் அவர் ஆட்டமே அப்படி. பந்து கடைசி நொடியில் கீழே இறங்கும், அடிப்பவன் அதைத் தரையில்தான் தட்டுவான், பின்னால் நிற்கிறவர்கள் பொறுக்கி எறிந்து அவுட் ஆக்குவார்கள். கண்ணைப் பறிக்கிற ஆட்டம் இல்லை. வேகமாக வீசி ஆளைத் திகைக்க வைத்தால்தான் பெரிய பிட்சர் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது.

அப்படியே பார்த்தாலும், ஜிம் காட் என்ற பிட்சர் 283 வெற்றியோடு, ஜானைவிட மோசமான ரன் சராசரியோடு, 2021 டிசம்பரில் தேர்வானார். காட்டின் சராசரி 3.45, ஜானுடையது 3.34 (பிட்சர் விட்டுக்கொடுக்கும் ரன் இது, குறைந்தால்தான் நல்லது). இருவரும் இடதுகை, இருவரும் நெடுநாள் ஆட்டக்காரர்கள். காட்டுக்குத் திறந்த கதவு ஜானுக்கு ஏன் மூடியிருக்கிறது என்பதற்கு எனக்கு இதுவரை ஒரு நேரான பதில் கிடைக்கவில்லை. பத்திரிகையாளர்களின் ஓட்டில் 15 வருடம் நின்று, கடைசி வருடமான 2009-ல் 31.7 சதவீதம் வாங்கினார். அதுதான் அவருடைய உச்சம். தேவை 75. பிறகு பழைய ஆட்டக்காரர்களுக்கான குழு. 2024 டிசம்பரில் அதில் 16 பேர் ஓட்டுப் போட்டார்கள், 12 வேண்டும், ஜானுக்குக் கிடைத்தது 7.

அன்றைக்குத் தேர்வானவர்கள் இரண்டு பேர், டிக் ஆலனும் டேவ் பார்க்கரும். ஆலன் இறந்து அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன் இரண்டு தடவை ஒரே ஒரு ஓட்டில் தவறவிட்டவர். பார்க்கர் தேர்வான செய்தியைக் கேட்டார், ஆனால் 2025 ஜூலை விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது காலமாகிவிட்டார். இரண்டு பேருக்கும் மேடையில் குடும்பத்தார்தான் நின்றார்கள்.

இதையெல்லாம் அந்த லாரி அண்ணனிடம் துண்டு துண்டாகச் சொல்லி வருகிறேன், பையன் பயிற்சி செய்கிற நேரத்தில். பையன் இப்போது கிளினிக் பின்சுவரில் டென்னிஸ் பந்தை எறிகிறான், ஒரு தடவைக்கு இருபது. அப்பா லாரி கணக்கு எழுதும் நோட்டிலேயே கோடு போட்டு எண்ணுகிறார். அவருக்குக் கால்பந்தாட்டம்தான் உயிர். "நம்ம கோல்கீப்பர் ஸ்பைடர்மேன் ஆறுமுகத்தை எந்த நம்பரை வச்சு அளப்பீங்க?" என்று ஒருநாள் கேட்டார். கோல் கம்பத்துக்குக் குறுக்கே அவர் பாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு நம்பர் எதற்கு? 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றும் மலேசியா போகாமல் விட்டதை இன்னும் சொந்த நஷ்டம் போலப் பேசுகிறவர் அந்த அண்ணன்.

போன வியாழக்கிழமை பையன் பதினெட்டாவது பந்தில் நிறுத்தி முழங்கையைத் தடவினான். வலி இல்லை, பழக்க தோஷம். அப்பா கோடு போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"16 பேர்ல 7 பேர் போட்டாங்கன்னு சொன்னீங்கல்லமா. இன்னும் அஞ்சு ஓட்டுதானே?"

"ஆமாண்ணே. அடுத்தது 2027 டிசம்பர்ல."

"அவருக்கு என்ன வயசு?"

"1943-ல பொறந்தவரு."

நோட்டின் ஓரத்தில் கழித்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"சீக்கிரமா போடச் சொல்லுங்கமா" என்றார். அப்புறம் மகன் பக்கம் திரும்பி, "என்னடா நிக்கிற, இன்னும் ரெண்டு இருக்கு."